அட்வான்ஸ் பணம் முழுமையாகத் திரும்பி வர...
வாடகை வீடு தேடிப் பெங்களூர் செல்லும் தங்கவயல் தமிழர்கள் கவனிக்க வேண்டியவை

கோலார் தங்கவயலின் சுரங்க லைன்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு "அட்வான்ஸ்" என்ற சொல் வெகு காலம் வரை அவ்வளவாகப் பழக்கம் இல்லாத சொல். வீடு கம்பெனியுடையது. வீட்டுத் தலைவருக்குச் சுரங்கத்தில் வேலை இருக்கும் வரை குடும்பத்துக்குத் தலைக்கு மேல் கூரை இருந்தது. வீடு சிறியதுதான். ஆனால் பத்து மாத வாடகையை மொத்தமாக எண்ணி வைத்தால்தான் சாவி என்று அங்கே யாரும் கேட்டதில்லை.

1880-களில் ஜான் டெய்லர் கம்பெனி சுரங்கத் தொழிலை நடத்தத் தொடங்கிய காலத்தில் வட ஆற்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து வந்து குடியேறியவர்களின் வழித்தோன்றல்களே இன்றைய தங்கவயல் தமிழர்களில் பெரும்பாலோர். சுரங்கங்கள் 1956-ல் மைசூர் அரசின் கைக்கும், 1962-ல் மத்திய அரசின் கைக்கும் வந்தன. 1972-ல் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் உருவாயிற்று. 2001 பிப்ரவரி 28-ந் தேதி சுரங்கம் மூடப்பட்டது.

அதன் பிறகு தங்கவயலின் பிழைப்பு பெங்களூரைச் சார்ந்ததாகி விட்டது. ஏறத்தாழ 100 கிலோ மீட்டர். விடியற்காலையில் மாரிக்குப்பத்தில் ரயில் ஏறி, பங்காருப்பேட்டை வழியாகக் கிருஷ்ணராஜபுரத்திலும் கண்டோன்மெண்டிலும் இறங்கி, இரவில் வீடு திரும்புகிறவர்கள் ஏராளம். இந்த அலைச்சல் தாங்காதவர்கள், திருமணமானவர்கள், பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க வேண்டியவர்கள் பெங்களூரிலேயே வாடகைக்கு வீடு பிடிக்கிறார்கள். அங்கேதான் அட்வான்ஸ் பிரச்சினை ஆரம்பமாகிறது.

பெங்களூரில் பத்து மாத வாடகையை முன்பணமாக வாங்குவது நெடுநாளைய வழக்கம். இப்போது ஐந்து, ஆறு மாதத்துடன் ஒப்புக்கொள்கிற வீட்டுக்காரர்களும் உண்டு. மாத வாடகை ரூ.8,000 என்றால் பத்து மாத அட்வான்ஸ் ரூ.80,000. ஒரு கம்பெனித் தொழிலாளிக்கோ கடைக் குமாஸ்தாவுக்கோ இது பல ஆண்டுச் சேமிப்பு. தந்தையின் செட்டில்மென்ட் பணத்தையோ மனைவியின் நகையையோ வைத்துத்தான் பல குடும்பங்கள் இதைப் புரட்டுகின்றன. வட்டியில்லாமல் வீட்டுக்காரரிடம் கிடக்கும் இந்தப் பணம் காலி செய்யும் நாளில் குறைந்தோ தாமதித்தோ வந்தால் அடுத்த வீட்டுக்கு அட்வான்ஸ் கட்ட வழி இராது. ரூ.80,000-ஐ நூற்றுக்கு இரண்டு ரூபாய் மாத வட்டியில் இரண்டு மாதம் கடன் வாங்கினாலே ரூ.3,200 வீணாகிறது.

சட்டம் எந்த அளவுக்குத் துணை நிற்கும்?

வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருக்கிறதே, அது காப்பாற்றாதா என்று பலர் கேட்பார்கள். கர்நாடக வாடகைச் சட்டம் 1999-ல் இயற்றப்பட்டு, 2001-ம் ஆண்டின் கடைசி நாளில் நடைமுறைக்கு வந்தது. ஆனால் குடியிருப்பு வீடுகளில், பெரிய நகரங்களில் மாத வாடகை ரூ.3,500-க்கும், மற்ற இடங்களில் ரூ.2,000-க்கும் மேற்பட்டவற்றுக்கு அது பொருந்தாது என்று அதிலேயே வரம்பு கட்டப்பட்டது. இன்றைய பெங்களூரில் ரூ.3,500-க்கு ஒரு குடும்பம் இருக்கத்தக்க வீடு கிடைப்பது அரிது. எனவே பெரும்பாலான வாடகைதாரர்களுக்கு அந்தச் சட்டம் கைகொடுப்பதில்லை.

மத்திய அரசு 2021 ஜூன் மாதம் மாதிரி வாடகைச் சட்டம் ஒன்றுக்கு ஒப்புதல் அளித்தது. குடியிருப்பு வீட்டுக்கு இரண்டு மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது, காலி செய்து வீட்டை ஒப்படைக்கும்போதே அதைத் திருப்பித் தர வேண்டும் என்று அதில் உள்ளது. ஆனால் அது மாதிரிதான். ஒரு மாநிலம் அதைத் தன் சட்டமாக ஏற்றால்தான் அங்கே செல்லும். தமிழ்நாட்டின் 2017-ம் ஆண்டுச் சட்டம் 2019-ல் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக் கொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது என்கிறது அது. ஓசூரில் இருக்கும் அண்ணனுக்குச் சொல்லப்பட்ட விதியைப் பெங்களூர் வீட்டுக்காரரிடம் காட்ட முடியாது.

ஆகவே நமக்கு மிஞ்சுவது 1882-ம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டமும், நாம் கையெழுத்திடும் ஒப்பந்தப் பத்திரமும்தான். பத்திரத்தில் எழுதியதற்குத்தான் பலம். அதனால்தான் கையெழுத்துக்கு முந்தைய ஒரு மணி நேரம் மிக முக்கியம்.

பணம் கொடுக்கும் முன்

முதலில், பணம் வாங்குகிறவர் உண்மையான உரிமையாளர்தானா என்று பாருங்கள். சொத்து வரி ரசீது, மின்சாரக் கட்டணச் சீட்டு, அடையாள அட்டை மூன்றிலும் பெயர் ஒத்துப் போக வேண்டும். உரிமையாளர் வெளியூரில் இருந்து உறவினர் வாடகைக்கு விடுகிறார் என்றால், அதற்கான அதிகாரப் பத்திரத்தைக் கேளுங்கள். தரகருக்குரிய கமிஷனைத் தரகரிடம் கொடுக்கலாம். அட்வான்ஸை அவரிடம் கொடுக்கக் கூடாது.

"வேறு இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள், இப்போதே டோக்கன் கொடுங்கள்" என்று அவசரப்படுத்துவது உண்டு. கொடுப்பதானால் சிறு தொகையாகக் கொடுத்து, எந்த வீட்டுக்கு, எந்தத் தேதிக்குள் ஒப்பந்தம், ஒப்பந்தம் நடக்காவிட்டால் பணம் திரும்புமா என்று நான்கு வரி எழுதி வாங்குங்கள்.

முழு அட்வான்ஸையும் வங்கி மூலமே கொடுங்கள். காசோலையோ, கணக்கு மாற்றமோ, கைப்பேசி வழிப் பணமோ எதுவானாலும் உரிமையாளரின் பெயரிலுள்ள கணக்குக்குப் போக வேண்டும். ரொக்கமாகத்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் கையெழுத்திட்ட ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் தராதீர்கள். பாதித் தொகையைப் பத்திரத்தில் காட்டாமல் விடலாம் என்று சொன்னால் சம்மதிக்க வேண்டாம். பத்திரத்தில் ஏறாத பணத்தைப் பிற்பாடு நிரூபிப்பது கஷ்டம்.

பத்திரத்தைப் படிக்கச் செய்து கேளுங்கள்

ஒப்பந்தம் ஆங்கிலத்திலோ கன்னடத்திலோ இருக்கும். டைப் செய்பவர் வழக்கமான வாசகங்களையே எல்லோருக்கும் போட்டுத் தருவார். படிக்கத் தெரியாத மொழியில் கையெழுத்துப் போடாதீர்கள். விவரம் தெரிந்த நண்பர் ஒருவரை வரியாகப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். கன்னடத்தில் "பாடிகெ" என்றால் வாடகை, "முங்கட ஹண" என்றால் முன்பணம், "கராரு பத்ர" என்றால் ஒப்பந்தப் பத்திரம். இந்த மூன்று சொல்லாவது தெரிந்திருப்பது நல்லது.

பத்திரம் பதினோரு மாதத்துக்கு எழுதப்படுவது ஏன் என்று கேட்பவர்கள் உண்டு. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே தீர வேண்டும் என்பது சட்டம். பதிவுச் செலவைத் தவிர்க்கவே பதினோரு மாதம். பதினோரு மாதம் முடிந்து, புதுப்பிக்காமல், வீட்டுக்காரர் வாடகை வாங்கிக் கொண்டு வந்தால் நீங்கள் மாதாந்தர வாடகைதாரராகத் தொடர்கிறீர்கள். பத்திரம் காலாவதியானாலும் அட்வான்ஸ் காலாவதியாவதில்லை.

முத்திரைத் தாளின் மதிப்பும் சரியாக இருக்க வேண்டும். குறைவாக இருந்தால், வழக்கு என்று வரும்போது, குறைந்த தொகையையும் அதற்குப் பத்து மடங்கு அபராதத்தையும் கட்டிய பிறகே நீதிமன்றம் அதைச் சாட்சியமாக எடுத்துக்கொள்ளும்.

பத்திரத்தில் இந்த விஷயங்கள் தெளிவாக இருக்கட்டும்:

1. அட்வான்ஸ் தொகை எண்ணாலும் எழுத்தாலும். எந்தத் தேதியில், எந்த வழியில் கொடுக்கப்பட்டது என்ற விவரம்.

2. வீட்டை ஒப்படைக்கும் நாளிலேயே, அல்லது இத்தனை நாளுக்குள், திருப்பித் தரப்படும் என்ற வாசகம். "புது ஆள் வந்த பிறகு" என்று இருந்தால் அடித்துவிடச் சொல்லுங்கள். புது ஆள் எப்போது வருவார் என்பது உங்கள் கையில் இல்லை.

3. பெயிண்ட் செலவு. ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது என்ற நிபந்தனை பெங்களூரில் சர்வ சாதாரணம். குடிவரும்போது வீடு புதிதாகப் பெயிண்ட் அடிக்கப்படாமல் இருந்தால் இதை ஏற்க வேண்டியதில்லை என்று வாதாடலாம். ஏற்பதானால், பில்லைக் காட்டி, ஒரு மாத வாடகைக்கு மேற்படாமல் என்று எழுதச் சொல்லுங்கள்.

4. காலி செய்ய எத்தனை நாள் முன்னறிவிப்பு என்பது. பத்திரத்தில் எதுவும் இல்லாவிட்டால், மாத வாடகைக்குச் சட்டப்படி 15 நாள். பத்திரத்தில் ஒரு மாதம் அல்லது இரண்டு மாதம் என்று இருந்தால் அதுதான் செல்லும். குறிப்பிட்ட மாதங்களுக்கு முன் காலி செய்தால் அட்வான்ஸில் பிடித்தம் என்ற ஷரத்து இருக்கிறதா என்றும் பாருங்கள்.

குடிபுகும் நாள்

சாமான் ஏற்றுவதற்கு முன், காலி வீட்டைச் சுற்றி வாருங்கள். சுவரில் ஈரக்கசிவு, உடைந்த தரை ஓடு, ஒழுகும் குழாய், வேலை செய்யாத சுவிட்ச், இறுகிப்போன ஜன்னல் கொக்கி, கீறல் விழுந்த கண்ணாடி எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். மின்விசிறி எத்தனை, விளக்கு எத்தனை, கீசர் உண்டா என்பதையும் சேர்த்து எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். மின்சார மீட்டரின் எண்ணிக்கையையும் குறித்துக்கொள்ளுங்கள். கைப்பேசியில் ஒவ்வோர் அறையையும் படம் எடுத்து அன்றைக்கே வீட்டுக்காரருக்கு அனுப்பிவிட்டால், படத்துக்குத் தேதியும் சாட்சியும் தானாக அமைந்துவிடும். இரண்டு வருடம் கழித்து "இந்த ஓட்டை உடைத்தது நீங்கள்தான்" என்ற பேச்சுக்கு இடமிராது.

குடியிருக்கும் காலத்தில் வாடகையையும் வங்கி வழியே கட்டுங்கள். பெரிய பழுது ஏதாவது வந்தால் எழுத்தில் தெரிவியுங்கள். வீட்டுக்காரர் தாம் செய்ய வேண்டிய பழுதைத் தெரிவித்த பின்னும் நியாயமான காலத்துக்குள் செய்யாவிட்டால், வாடகைதாரரே செய்து, செலவை வாடகையில் கழித்துக்கொள்ளச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 108-வது பிரிவு இடம் தருகிறது. பில் பத்திரமாக இருக்க வேண்டும்.

இடையில் வீடு விற்கப்பட்டால், உங்கள் அட்வான்ஸ் தம் பொறுப்புக்கு வந்துவிட்டது என்று புது உரிமையாளரிடம் ஒரு கடிதம் வாங்குங்கள். இல்லாவிட்டால் பழையவர் புதியவரைக் காட்டுவார்; புதியவர் பழையவரைக் காட்டுவார்.

போக்கியத்தில் போகும் முன்

மாத வாடகை இல்லை, சில லட்சங்களை மொத்தமாகக் கொடுத்தால் மூன்று வருடம் குடியிருக்கலாம், முடிவில் பணம் முழுவதும் திரும்பும் என்பது போக்கியம். பெங்களூரில் "லீஸ்" என்கிறார்கள். கையில் செட்டில்மென்ட் பணம் இருப்பவர்களுக்கு இது கவர்ச்சியாகத் தோன்றும். ஆபத்தும் இதில்தான் அதிகம்.

வீட்டின் மேல் உரிமையாளருக்கு வங்கிக் கடன் இருந்து, தவணை தவறினால், 2002-ம் ஆண்டின் சர்ஃபாசி சட்டப்படி வங்கி வீட்டைக் கைப்பற்ற வரும். பதிவில்லாத வெறும் நோட்டரிப் பத்திரத்தை வைத்துக்கொண்டு அதன் எதிரில் நிற்பது கடினம். போக்கியம் அடமானமாகக் கருதப்பட்டாலும், ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையாகக் கருதப்பட்டாலும் அதற்குப் பதிவு வேண்டும். எனவே முதலில் சார்பதிவாளர் அலுவலகத்தில் அல்லது கர்நாடக அரசின் காவேரி இணையதளத்தில் வில்லங்கச் சான்றிதழ் எடுத்துப் பாருங்கள். கடன் இருந்தால் ஒதுங்கிவிடுங்கள். இல்லையென்றால் பத்திரத்தைப் பதிவு செய்யுங்கள்.

உரிமையாளரிடம் மாத வாடகைக்கு வீட்டை எடுத்து, அதையே நம்மிடம் போக்கியத்துக்கு விட்டு, பெருந்தொகையை வாங்கிக் கொண்டு மறைந்து போகும் இடைத்தரகர்களும் உண்டு. உரிமையாளர் நேரில் வந்து கையெழுத்திடாத போக்கியப் பத்திரம் வேண்டவே வேண்டாம்.

காலி செய்யும்போது

முன்னறிவிப்பை வாய்ச்சொல்லாக விடாதீர்கள். இவ்வளவு எழுதினால் போதும்:

"ஐயா, தங்கள் வீட்டை வரும் மாதம் இத்தனாம் தேதி காலி செய்து சாவியை ஒப்படைக்கிறேன். ஒப்பந்தப்படி ஒரு மாத முன்னறிவிப்பாக இதைக் கொள்ளவும். என் முன்பணம் ரூ.80,000-ல் நியாயமான பிடித்தம் ஏதேனும் இருந்தால் முன்கூட்டித் தெரிவித்து, மீதியை அன்றைய தினம் என் வங்கிக் கணக்கில் செலுத்தக் கோருகிறேன்."

இதை நேரில் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்குங்கள். அல்லது தபாலில் அனுப்புங்கள். பதிவுத் தபால் 2025-ல் ஸ்பீட் போஸ்ட்டுடன் இணைக்கப்பட்டுவிட்டதால், ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

மின்சாரம், தண்ணீர்க் கட்டணங்களைக் கட்டிய ரசீதுகளைத் தயாராக வையுங்கள். 2023-ல் தொடங்கிய கிருக ஜோதி திட்டத்தில் அந்த வீட்டு மீட்டருடன் உங்கள் ஆதாரை இணைத்திருந்தால், காலி செய்யும்போது அந்த இணைப்பை நீக்கிவிடுங்கள். அப்போதுதான் புது வீட்டில் அந்தச் சலுகையைப் பெற முடியும்.

இனி கணக்கைப் பார்ப்போம். ரூ.80,000 அட்வான்ஸில் ஒரு வீட்டுக்காரர் இப்படிப் பிடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம்: பெயிண்டுக்கு ரூ.8,000, கதவு பாலிஷுக்கு ரூ.6,000, உடைந்த வாஷ்பேசினுக்கு ரூ.1,500, மின்சார பாக்கி ரூ.1,200, முன்னறிவிப்பு இல்லை என்று ஒரு மாத வாடகை ரூ.8,000. மொத்தம் ரூ.24,700. கைக்கு வருவது ரூ.55,300.

இதில் பெயிண்ட் செலவு பத்திரத்தில் இருக்கிறது, கொடுக்க வேண்டியதுதான். வாஷ்பேசின் நம் வீட்டில் உடைந்தது; மின்சாரம் நாம் எரித்தது. ஆனால் கதவின் நிறம் மங்கியது நாளடைவில் தானே ஏற்படும் தேய்மானம். நியாயமான தேய்மானத்துக்கு வாடகைதாரர் பொறுப்பல்ல என்பது அதே 108-வது பிரிவு. முன்னறிவிப்புக் கடிதத்தின் நகல் கையில் இருக்கும்போது அதற்கான ரூ.8,000-மும் செல்லாது. நியாயமான பிடித்தம் ரூ.10,700 மட்டுமே, வர வேண்டியது ரூ.69,300. ஒரு கடித நகலும், குடிபுகுந்த அன்று எழுதிய ஒரு பட்டியலும் ரூ.14,000-ஐ மீட்டுத் தருகின்றன.

பணம் வராதோ என்ற பயத்தில் கடைசி நான்கைந்து மாத வாடகையைக் கட்டாமல் விட்டு, "அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள்" என்பவர்கள் இருக்கிறார்கள். வீட்டுக்காரர் எழுத்தில் சம்மதித்தால் இது நல்ல ஏற்பாடு. சம்மதம் இல்லாமல் செய்தால் வாடகை பாக்கிக்காரர் என்ற பெயர் நமக்கு வந்து, நியாயம் அவர் பக்கம் சாய்ந்துவிடும்.

சாவி கொடுக்கும் நாளில் அட்வான்ஸையும் கேளுங்கள். ஒரு கையில் சாவி, மறு கையில் பணம் என்பதே முறை. பாக்கி வைத்தால், எவ்வளவு, எந்தத் தேதியில் தருவார் என்று கையெழுத்துடன் எழுதி வாங்கிய பிறகே சாவியைக் கொடுங்கள்.

தராமல் இழுத்தடித்தால்

முதலில் ஒரு கடிதம். பிறகு வக்கீல் நோட்டீஸ். பெரும்பாலான தகராறுகள் நோட்டீஸிலேயே முடிந்துவிடுகின்றன. அதற்கும் மசியாவிட்டால் சிவில் நீதிமன்றத்தில் பண வழக்குப் போடலாம். மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும். "அடுத்த மாதம், அடுத்த மாதம்" என்ற பேச்சை நம்பி அந்தக் காலத்தைக் கடத்திவிடக் கூடாது. அந்த மூன்று ஆண்டுக்குள் வீட்டுக்காரர் கடனைக் கையெழுத்துடன் ஒப்புக்கொண்டால், அன்றிலிருந்து புதிதாக மூன்று ஆண்டு கிடைக்கும்.

அட்வான்ஸ் தராதது சிவில் விவகாரம் என்று போலீசார் திருப்பி அனுப்பலாம். ஆனால் சொந்தமில்லாத வீட்டைக் காட்டிப் பணம் பறித்திருந்தால் அது மோசடிக் குற்றம். அடித்தாலோ மிரட்டினாலோ அதுவும் குற்றம். அவற்றுக்குத் தயங்காமல் காவல் நிலையம் செல்லலாம்.

வழக்குச் செலவுக்குப் பயப்படுவோர் ஒன்றை அறிந்துகொள்ள வேண்டும். 1987-ம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண்கள், தாழ்த்தப்பட்ட மற்றும் பழங்குடி வகுப்பினர், தொழிற்சாலைத் தொழிலாளர் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உதவி உண்டு. மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. நீதிமன்ற வளாகத்தில் உள்ள தாலுகா சட்டப் பணிக் குழுவை அணுகலாம். 15100 என்ற தொலைபேசி எண்ணிலும் விவரம் கேட்கலாம். லோக் அதாலத்தில் நீதிமன்றக் கட்டணம் இல்லை. அங்கே இரு தரப்பும் ஒப்புக்கொண்டு எழுதும் தீர்ப்பு நீதிமன்ற டிகிரிக்குச் சமம். அதன் மேல் அப்பீலும் கிடையாது.

வீட்டுக்காரர் எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் அல்லர். சொன்ன நாளில் சொன்ன பணத்தை எண்ணிக் கொடுப்பவர்கள் நிறையவே உண்டு. அவர்களில் பலர் அட்வான்ஸைச் செலவு செய்துவிட்டு, அடுத்த குடித்தனக்காரரிடம் வாங்கித்தான் முந்தையவருக்குத் தருகிறார்கள். அதனால் காலி செய்யும் எண்ணம் வந்த உடனே அவருக்கும் சொல்லிவிடுவது இருவருக்கும் நல்லது. நட்பாகப் பேசுங்கள், பேசியதை எழுத்திலும் வாங்குங்கள்.

வீட்டுப் பத்திரம், ரசீதுகள், கடித நகல்கள் எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு, ரேஷன் கார்டு இருக்கும் இடத்திலேயே வையுங்கள். வீட்டிலுள்ள பெண்களுக்கும் அது எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.